9, 10-ஆம் வகுப்பு இயற்கணித வகுப்புக்கு விதிமுறைகள் வகுப்பது எப்படி? வடசென்னைக் கணித ஆசிரியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இயற்கணிதத்தில் எந்தப் பிள்ளையும் ஒரே நாளில் பின்தங்குவதில்லை. ஜூலையில் ஒரு மைனஸ் குறி புரியாமல் போகும். ஆகஸ்டில் காரணிப்படுத்தல் வரும்போது அதே மைனஸ் காலைத் தடுக்கும். அரையாண்டுத் தேர்வில் இருபடிச் சமன்பாட்டுக் கேள்விகளைத் தொடாமலே பேப்பரைக் கட்டிக் கொடுத்துவிட்டு வரும். வரலாற்றுப் பாடத்தில் ஒரு பாடம் புரியாவிட்டாலும் அடுத்ததைப் படித்துவிடலாம். இங்கே அது நடக்காது. அதனால் இந்த வகுப்புக்கு எழுதும் ஒவ்வொரு விதியும் ஒரே வேலையைச் செய்ய வேண்டும்: பிழை பிறந்த வாரத்திலேயே அதைப் பிடிப்பது. அந்த வேலையைச் செய்யாத விதி எவ்வளவு கண்டிப்பானதாக இருந்தாலும் வேண்டாம்.

பாடநூலில் மாறிகளுக்கு வரும் எழுத்துகளுக்குப் பதிலாக இங்கே க, ச என்று எழுதியிருக்கிறோம். போர்டில் பாடநூலின் எழுத்துகளையே எழுதுங்கள்.

படி 1: பொதுத்தேர்வின் அமைப்பிலிருந்து தொடங்குங்கள்

மாநிலப் பாடத்திட்டத்தின் இப்போதைய மாதிரியில் 10-ஆம் வகுப்புக் கணிதத் தாள் 100 மதிப்பெண், எழுத 3 மணி நேரம். ஒரு மதிப்பெண் கேள்விகள் 14. இரண்டு மதிப்பெண் கேள்விகள் 14-இல் 10 எழுத வேண்டும், அதில் ஒன்று கட்டாயம். ஐந்து மதிப்பெண் கேள்விகளும் அப்படியே 14-இல் 10. கடைசியாக எட்டு மதிப்பெண் கேள்விகள் இரண்டு: ஒன்று வடிவியல் வரைதல், மற்றொன்று வரைபடம். தேர்ச்சிக்கு 35.

இதிலிருந்து மூன்று விஷயங்கள் தெரிகின்றன. முதலாவது, தாளில் பாதி ஐந்து மதிப்பெண் கேள்விகள்தான். அவை படிப்படியாகத் திருத்தப்படுபவை. விடை தப்பினாலும் சரியான படிகளுக்கு மதிப்பெண் உண்டு. படி இல்லாமல் விடை மட்டும் எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்காது. இரண்டாவது, வரைபடக் கேள்வி ஒன்றே எட்டு மதிப்பெண். தேர்ச்சிக்குத் திணறும் பிள்ளைக்கு இதைவிட உறுதியான எட்டு மதிப்பெண் வேறெங்கும் இல்லை. மூன்றாவது, அறிவியலுக்குச் செய்முறை மதிப்பெண் இருப்பதுபோலக் கணிதத்துக்கு எதுவும் கிடையாது. 100-ம் எழுத்துத் தேர்வுதான். ஆகவே "ஹோம் ஒர்க் செய்யலைன்னா மார்க் போடமாட்டேன்" என்று 10-ஆம் வகுப்பில் சொல்வது வெறும் மிரட்டல் என்பது பிள்ளைகளுக்கு இரண்டே வாரத்தில் தெரிந்துவிடும். ஹோம் ஒர்க் செய்தால் வெள்ளிக்கிழமை டெஸ்டில் கணக்கு வருகிறது என்று அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். விதிகளை அந்த அடிப்படையில்தான் எழுத வேண்டும்.

படி 2: கொண்டுவர வேண்டிய பொருட்கள்

பட்டியல் சின்னதாக இருக்கட்டும். கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் கடலை நம்பியிருக்கும் வீடுகளில் பள்ளி திறக்கும் சமயம்தான் கையில் காசு குறைவாக இருக்கும் சமயம். அப்போது போய் ஆறு நோட்டு, கைடு, கலர் பேனா என்று பட்டியல் கொடுத்தால், வாங்க முடியாத பிள்ளை முதல் வாரமே வகுப்பைக் கண்டு ஒதுங்கத் தொடங்கும்.

தேவை இவ்வளவுதான்: கோடு போடாத நோட்டு ஒன்று (பயிற்சிக்கும் ஹோம் ஒர்க்குக்கும்), டெஸ்ட் நோட்டு ஒன்று, நீலப் பேனா, கறுப்புப் பேனா, கூராகச் சீவிய பென்சில், 30 செ.மீ. ஸ்கேல் அல்லது ஜியோமெட்ரி பாக்ஸில் வரும் சின்ன ஸ்கேல். ரஃப் வேலைக்குத் தனி நோட்டு வேண்டாம். பயிற்சி நோட்டின் வலப்பக்கம் ஒரு கோடு போட்டு அங்கேயே போடச் சொல்லுங்கள். கிராஃப் ஷீட்டை வகுப்புக்கு மொத்தமாக வாங்கி அலமாரியில் வைத்துவிடுங்கள். கைடு கட்டாயம் என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். பாடநூலின் எடுத்துக்காட்டுகளையும் பயிற்சிகளையும் முழுமையாகப் போட்ட பிள்ளைக்குக் கைடு தேவைப்படாது.

கால்குலேட்டருக்குப் பொதுத்தேர்வில் அனுமதி இல்லை, வகுப்பிலும் வேண்டாம். அதற்கு ஈடாக 20 வரை வாய்ப்பாடும் 25 வரை வர்க்கங்களும் ஜூலை முடிவதற்குள் மனப்பாடம் ஆக வேண்டும். காரணிப்படுத்தலில் திணறும் பிள்ளைகளில் பலருக்கு உண்மையில் இயற்கணிதம் பிரச்சினை இல்லை. 84-ஐ எந்த இரண்டு எண்களின் பெருக்கலாகப் பிரிக்கலாம் என்பது சட்டென்று வராததுதான் பிரச்சினை.

படி 3: எழுதும் முறைக்கான விதிகள்

மொத்த விதிமுறையிலும் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது. ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஒரு குறிப்பிட்ட பிழை இருக்கிறது. விதியைச் சொல்லும்போதே அந்தப் பிழையைப் போர்டில் போட்டுக் காட்டிவிடுங்கள்.

ஒரு வரிக்கு ஒரே மாற்றம். 5 − (க − 4) என்பதில் அடைப்பை நீக்குவது ஒரு வரி, கூட்டுவது அடுத்த வரி. இரண்டையும் ஒன்றாகச் செய்யும்போதுதான் 5 − க − 4 என்று எழுதிவிட்டு 1 − க என்று முடிப்பார்கள். சரியான விடை 9 − க. வரியைப் பிரித்து எழுதியிருந்தால் குறி எங்கே மாறாமல் போனது என்பது பிள்ளைக்கே தெரியும்.

சமக்குறிகள் ஒன்றின்கீழ் ஒன்று. அழகுக்காகச் சொல்வதில்லை. சமக்குறி நேராக இருந்தால் இடப்பக்கத்தில் செய்ததை வலப்பக்கத்திலும் செய்தோமா என்று கண் தானாகச் சரிபார்த்துக்கொள்ளும். கோவையைச் சுருக்கும் கணக்கில் பூஜ்யத்துக்குச் சமப்படுத்திவிடும் பழக்கமும் இதனால் குறையும்.

மாறி எதைக் குறிக்கிறது என்று முதல் வரியில் எழுத வேண்டும். வாக்கியக் கணக்குகளுக்கு இது கட்டாயம். பீச் ஸ்டேஷன் பக்கத்து அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடையை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு தட்டு அத்தோவும் மூன்று முட்டையும் 165 ரூபாய். மூன்று தட்டு அத்தோவும் இரண்டு முட்டையும் 210 ரூபாய். "க = அத்தோ" என்று எழுதினால் தவறு. "க = ஒரு தட்டு அத்தோவின் விலை, ரூபாயில்" என்று எழுத வேண்டும். க என்பது ஓர் எண். பொருளின் பெயர்ச்சுருக்கம் இல்லை. "க = அத்தோ" என்று நினைக்கும் பிள்ளை 2க + 3ச என்பதை "இரண்டு அத்தோ, மூன்று முட்டை" என்று படிக்கும். பிறகு 165 என்பது எதனுடைய எண்ணிக்கை என்று குழம்பும். விலை என்று எழுதிவிட்டால் 2க + 3ச = 165, 3க + 2ச = 210 என்று நேராக வந்துவிடும். முதல் சமன்பாட்டை 3-ஆலும் இரண்டாவதை 2-ஆலும் பெருக்கிக் கழித்தால் 5ச = 75. ஆகவே ச = 15, க = 60. நீக்கல் முறையில் கழிக்கும்போது கீழ் வரியின் எல்லா உறுப்புகளுக்கும் குறி மாற வேண்டும். முதல் உறுப்புக்கு மட்டும் மாற்றிவிட்டு மற்றதை அப்படியே விடுவதுதான் இந்தப் பாடத்தில் அதிகம் பார்க்கும் பிழை. மாறிய குறியைக் கீழே சின்னதாக எழுதும் பழைய முறையே நல்லது. அதை விடச் சொல்லாதீர்கள்.

இல்லாத உறுப்புக்கு 0. க³ − 7க + 6 என்பதைத் தொகுமுறை வகுத்தலில் போடும்போது கெழுக்கள், அதாவது ஒவ்வோர் உறுப்பின் எண்கள், 1, 0, −7, 6. பிள்ளைகள் 1, −7, 6 என்று எழுதிவிடுவார்கள். அதன்பிறகு எதுவும் சரிவராது. பல்லுறுப்புக் கோவையின் வர்க்கமூலத்தை நீள்வகுத்தலில் காணும்போதும் இதே விதிதான்.

மாறியால் வகுக்கக்கூடாது. க² = 5க என்றால் இரு பக்கமும் க-வை அடித்துவிட்டு க = 5 என்று முடிப்பவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார்கள். க = 0 என்ற மூலம் அங்கேயே காணாமல் போகிறது. எல்லாவற்றையும் ஒரே பக்கம் கொண்டுவந்து க(க − 5) = 0 என்றுதான் எழுத வேண்டும். விகிதமுறு கோவைகளில் இதற்கு ஒரு தங்கை விதி உண்டு: காரணியை அடிக்கலாம், உறுப்பை அடிக்கக்கூடாது. (க + 6)/(க + 2) என்பதில் க-வை க-வோடு அடித்து, 6-ஐ 2-ஆல் அடித்து 3 என்று எழுதுவார்கள். அந்த இடத்தில் க = 1 போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்; 7/3 வரும்.

சந்தேகம் வந்தால் எண்ணைப் போட்டுப் பார்ப்பது என்பதைத் தனி விதியாகவே எழுதி வையுங்கள். (க + 3)² = க² + 9 என்று எழுதும் பிள்ளையிடம் சூத்திரத்தைப் பத்து முறை எழுது என்று சொல்வதைவிட, க = 1 போட்டுப் பார் என்பது பலன் தரும். இடப்பக்கம் 16, வலப்பக்கம் 10. காணாமல் போன 6 எங்கே என்று தேடும்போது 6க கிடைத்துவிடும். 0-ஐ மட்டும் போட்டுச் சோதிக்கக்கூடாது. க = 0 என்றால் இரு பக்கமும் 9 வந்து, தவறான விடையும் சரிபோலத் தெரியும்.

அணிப் பெருக்கலுக்கு முன் ஒவ்வோர் அணியின் கீழும் அதன் வரிசையை எழுத வேண்டும். 2 × 3 அணியை 3 × 2 அணியால் பெருக்கினால் 2 × 2 கிடைக்கும் என்று முதலில் எழுதிவிட்டால், விடைக்கு எத்தனை கட்டம் என்பது கணக்கைத் தொடங்கும் முன்பே தெரிந்துவிடும்.

தவறை அழிக்கக்கூடாது, ஒரே கோடு போட்டு அடித்துவிட்டு அடுத்த வரியில் எழுத வேண்டும். ஒயிட்னர் வேண்டவே வேண்டாம். பிழை எங்கே நடந்தது என்பது ஆசிரியருக்கும் பிள்ளைக்கும் தெரிவதற்கு அந்த அடித்த வரிதான் ஆதாரம்.

"ராமானுஜன் ஸ்டெப்ஸ் எல்லாம் எழுதலையே மிஸ்" என்று கேட்கும் பிள்ளை ஒன்றாவது இருக்கும். நல்ல கேள்வி. மதிப்புக் கொடுத்துப் பதில் சொல்லுங்கள். காகிதம் வாங்கக் கஷ்டப்பட்டவர் அவர். சிலேட்டில் போட்டு அழித்துவிட்டு முடிவை மட்டும் நோட்டில் எழுதினார். அந்த முடிவுகளை நிறுவ மற்ற கணித அறிஞர்களுக்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. அவர் 1912-இல் குமாஸ்தாவாகச் சேர்ந்த துறைமுகக் கழகம் நம் பக்கத்தில்தான் இருக்கிறது. ராயபுரம் சோமு செட்டித் தெருவில், கணித ஆசிரியர் பி.கே. சீனிவாசன் 1993-இல் உருவாக்கிய ராமானுஜன் அருங்காட்சியகமும் இருக்கிறது. டிசம்பர் 22 தேசிய கணித நாள் அரையாண்டுத் தேர்வை ஒட்டி வரும். ஆகவே காலாண்டு முடிந்து அக்டோபரிலேயே பிள்ளைகளை அங்கே ஒருமுறை அழைத்துப் போகத் திட்டமிடலாம். முன்கூட்டியே பேசி நேரம் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 4: வரைபடத்துக்குத் தனி விதிகள்

வரைபடத்தைப் பாடத்தின் கடைசிக்குத் தள்ளாதீர்கள். ஆகஸ்டிலிருந்தே வாரம் ஒரு கிராஃப் என்று வைத்துக்கொண்டால் மார்ச் வரும்போது கை பழகியிருக்கும்.

ஒரு கணக்கை முழுதாகப் பார்ப்போம். ச = க² − க − 6 வரைந்து, அதைக்கொண்டு க² − 2க − 8 = 0-வைத் தீர்க்க வேண்டும்.

முதலில் அட்டவணை. க = −3-இலிருந்து 4 வரை எடுத்தால் ச-வின் மதிப்புகள் 6, 0, −4, −6, −6, −4, 0, 6. அட்டவணையில் க², −க, −6 ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை போட வேண்டும், மனக்கணக்கு கூடாது. ஏனென்றால் க = −3-இல் −க என்பது +3; அதை −3 என்று எடுத்தால் 6-க்குப் பதில் 0 வந்துவிடும். மதிப்புகள் இரு பக்கமும் சமச்சீராக வர வேண்டும். வராவிட்டால் புள்ளி வைக்கும் முன்பே அட்டவணையைத் திருத்த வேண்டும். இந்த ஒரு சோதனை பாதிப் பிழைகளைப் பிடித்துவிடும்.

அடுத்து அளவுத்திட்டம். இந்தக் கணக்குக்கு இரு அச்சிலும் 1 செ.மீ. = 1 அலகு போதும். அதை ஷீட்டின் மேல் வலது மூலையில் எழுதிவிட்டுத்தான் அச்சு வரைய வேண்டும். மதிப்புகள் 20-ஐத் தாண்டும் கணக்குகளில் செங்குத்து அச்சுக்கு 1 செ.மீ. = 2 அல்லது 5 அலகு என்று மாற்றிக்கொள்ளலாம்.

பிறகு வளைவரை. புள்ளிகளை ஸ்கேலால் இணைத்தால் மதிப்பெண் போகும். (0, −6), (1, −6) என்ற இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் நேர்கோடு போட்டுவிடுவது இங்கே வழக்கமான பிழை. வளைவரை அதற்குக் கீழே, க = 0.5-இல் −6.25 வரை இறங்கித் திரும்புகிறது. அந்தப் புள்ளியையும் அட்டவணையில் சேர்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, ச-வின் கோவையிலிருந்து க² − 2க − 8-ஐக் கழித்தால் ச = க + 2 என்ற நேர்கோடு. அது வளைவரையை (−2, 0), (4, 6) என்ற புள்ளிகளில் வெட்டும். அந்தப் புள்ளிகளின் க மதிப்புகளான −2, 4 ஆகியவைதான் தீர்வு. வெட்டும் புள்ளிகளைக் குறித்துவிட்டுத் தீர்வை எழுத மறப்பவர்கள் நிறைய. "தீர்வு" என்ற சொல்லை எழுதி அடிக்கோடிட்டால்தான் கிராஃப் முடிந்தது என்று விதி வையுங்கள்.

படி 5: 45 நிமிடப் பீரியடை எப்படிப் பிரிப்பது

மணி அடிக்கும்போது போர்டில் ஒரு கணக்கு இருக்க வேண்டும். நேற்றைய பாடத்தில் இருந்து, மூன்று நிமிடத்தில் முடிவதாக. உள்ளே வந்தவுடன் உட்கார்ந்து போடத் தொடங்க வேண்டும். வருகைப் பதிவும் அந்த நேரத்திலேயே நடந்துவிடும். அடுத்த ஏழெட்டு நிமிடம் ஹோம் ஒர்க்கில் அதிகம் பேர் தவறிய ஒரே கணக்கு. புதிய பாடத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல் எடுக்க வேண்டாம். மிச்ச நேரம் முழுவதும் அவர்கள் போட வேண்டும். நீங்கள் பெஞ்சுகளுக்கு நடுவில் நடக்க வேண்டும். முழுப் பீரியடும் போர்டில் கணக்குப் போடுபவர் ஆசிரியராகவே இருந்தால், பிள்ளைகள் நன்றாக எழுதியெடுக்கக் கற்றுக்கொள்வார்கள். கணக்குப் போட வராது.

படி 6: ஹோம் ஒர்க்

தினம் ஐந்து கணக்கு போதும். மூன்று இன்றைய பாடத்திலிருந்து, ஒன்று போன வாரத்திலிருந்து, ஒன்று முந்தைய அத்தியாயத்திலிருந்து. பழைய கணக்கு தினமும் வருவதால்தான் மறதி வராது; அந்த இரண்டையும் குறைத்துவிடாதீர்கள்.

ஒற்றை அறை வீட்டில் ஐந்து பேர் இருக்கும்போதும், தண்ணீர் லாரி வரும் நேரத்தில் குடத்தோடு நிற்க வேண்டியிருக்கும்போதும் ஒன்றரை மணி நேரம் அமைதியாக உட்காருவது நடக்காது. 30 நிமிடத்துக்கு மேல் ஆகாதபடி கணக்குகளைத் தேர்ந்தெடுங்கள். வீட்டில் இடமில்லாத பிள்ளைகளுக்குப் பள்ளி முடிந்தபின் அரை மணி நேரம் ஒரு வகுப்பறையைத் திறந்து வைக்க முடியுமா என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். பல பள்ளிகளில் ஸ்பெஷல் கிளாஸுக்காக அறை எப்படியும் திறந்துதான் இருக்கும்.

கணக்கு வரவில்லை என்றால் வெறும் நோட்டைக் கொண்டுவரக்கூடாது என்பது விதி. எந்த வரி வரை வந்தது, எங்கே நின்றது என்று எழுத வேண்டும். "மிஸ், அடைப்பை எடுக்கிற வரைக்கும் வந்துட்டேன், இந்த மைனஸ் எப்படி பிளஸ் ஆச்சுன்னு தெரியல" என்று கேட்கும் பிள்ளை ஹோம் ஒர்க் செய்துவிட்டதாகவே கணக்கு. "ஒண்ணுமே புரியல சார்" என்பதை ஏற்கக்கூடாது. கோபத்தோடு அல்ல, எந்த வரி என்று காட்டும்வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டே.

50 பேர் நோட்டையும் தினம் திருத்த யாராலும் முடியாது. தினம் ஒரு வரிசை என்று சுழற்சியில் பத்து நோட்டு எடுங்கள். திருத்தும்போது சரியான விடையை எழுதிக் கொடுக்காமல், பிழையின் வகையை மட்டும் ஓரத்தில் எழுதுங்கள்: கு என்றால் குறிப் பிழை, எ என்றால் கேள்வியை எடுத்தெழுதியதில் பிழை, வி என்றால் விதி தெரியவில்லை, பெ என்றால் கூட்டல் பெருக்கல் பிழை, நி என்றால் பாதியில் நின்றுவிட்டது. பிள்ளை கறுப்புப் பேனாவால் அந்த வரியிலிருந்து திருத்தி எழுத வேண்டும். ஒரு மாதம் கழித்து நோட்டைப் புரட்டினால் யாருக்கு எது வியாதி என்று தெரிந்துவிடும். கு மட்டுமே இருக்கும் பிள்ளைக்கும் வி மட்டுமே இருக்கும் பிள்ளைக்கும் ஒரே ஸ்பெஷல் கிளாஸ் நடத்துவதில் அர்த்தமில்லை.

படி 7: டெஸ்ட், மறு டெஸ்ட்

வெள்ளிக்கிழமை தோறும் 30 நிமிடம், 20 மதிப்பெண்: ஒரு மதிப்பெண் நான்கு, இரண்டு மதிப்பெண் மூன்று, ஐந்து மதிப்பெண் இரண்டு. ஐந்து மதிப்பெண்ணில் ஒன்று பழைய பாடம். திங்கட்கிழமை பேப்பர் கைக்குத் திரும்ப வேண்டும். பத்து நாள் கழித்துத் திருப்பித் தரும் பேப்பரை எந்தப் பிள்ளையும் மதிப்பெண்ணுக்கு மேல் பார்ப்பதில்லை.

12-க்குக் கீழே வாங்கியவர்களுக்கு அடுத்த வெள்ளிக்குள் மறு டெஸ்ட். அதற்கு நுழைவுச் சீட்டு ஒன்று உண்டு: தவறிய ஒவ்வொரு கணக்கையும் திருத்திப் போட்டு, "நான் எங்கே தவறினேன்" என்று ஒரு வரி எழுதிக் கொண்டுவர வேண்டும். இது இல்லாமல் மறு டெஸ்ட் வைத்தால் அதே பிழைதான் திரும்ப வரும். மறு டெஸ்டில் எண்களை மாற்றிவிடுங்கள், கணக்கு வகையை மாற்றாதீர்கள். இரண்டில் அதிகமான மதிப்பெண்ணைப் பதிவேட்டில் போடுங்கள். முதல் முறையே படித்தவர்களுக்கு அநியாயம் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் இந்த மதிப்பெண் யாருடைய பொதுத்தேர்வு மதிப்பெண்ணையும் கூட்டவோ குறைக்கவோ போவதில்லை. பிள்ளை மார்ச்சுக்குள் கற்றுக்கொண்டதா என்பது மட்டும்தான் நமக்கு வேண்டும்.

டியூஷனில் வேறு முறை சொல்லிக்கொடுத்திருப்பார்கள். சரியான முறை எதுவானாலும் முழு மதிப்பெண் கொடுங்கள். கேள்வியிலேயே "வர்க்கப் பூர்த்தி முறையில்" என்று கேட்டிருந்தால் மட்டும் அந்த முறையில்தான் போட வேண்டும். சூத்திரத்தில் போட்டால் விடை சரியாக இருந்தாலும் மதிப்பெண் வராது என்பதை ஜூனிலேயே சொல்லிவிடுங்கள்.

படி 8: தாமதம், லீவு, மழை

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டவரும் எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் நின்றவரும் தாமதமாகத்தான் வருவார்கள். அவர்களை வெளியே நிறுத்தினால் போவது கணக்குப் பாடம். சத்தமில்லாமல் உள்ளே வந்து, போர்டில் இருக்கும் முதல் கணக்கைப் போட வேண்டும் என்பதே விதி. அதனால் அந்தக் கணக்கைப் பத்து நிமிடம் அழிக்காமல் வையுங்கள். தினமும் தாமதமாக வருபவரைத் தனியாக அழைத்துக் காரணம் கேளுங்கள். தம்பி தங்கையைப் பள்ளியில் விட்டுவிட்டு வருவதாக இருக்கலாம்.

ஒரு நாள் லீவு போட்டால், திரும்பி வந்த நாளிலிருந்து மூன்று நாளுக்குள் அந்தப் பாடத்தின் எடுத்துக்காட்டுகளையும் இரண்டு பயிற்சிக் கணக்குகளையும் போட்டுக் காட்ட வேண்டும். பக்கத்து பெஞ்ச் நோட்டைப் பார்த்து எழுதியெடுப்பது மட்டும் போதாது. இதற்கு வகுப்புக்கு ஒரு பொது நோட்டு வையுங்கள். தினமும் ஒரு பிள்ளை முறைவைத்து அன்றைய பாடத்தை அதில் எழுதட்டும். நெடுநாள் உடம்பு சரியில்லாமல் இருந்தவருக்கு எல்லா ஹோம் ஒர்க்கையும் கேட்காதீர்கள். எது அடுத்த பாடத்துக்குத் தேவையோ அதை மட்டும் கேளுங்கள்.

நவம்பர், டிசம்பர் மழை விடுமுறையை எதிர்பார்த்தே பாடத்தைத் திட்டமிட வேண்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மணலி, எண்ணூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீரும் அதோடு எண்ணெய்க் கழிவும் புகுந்தன. நோட்டு நனைந்துபோன பிள்ளையிடம் "நோட்டு எங்கே" என்று கேட்கும் விதி இருக்கக்கூடாது. அக்டோபர் முடிவதற்குள் இருபடிச் சமன்பாடுகளை முடித்துவிட்டு, அணிகள் போலத் தனித்து நிற்கும் பகுதியை மழை மாதத்துக்கு வைத்துக்கொண்டால் இடையில் நாட்கள் விடுபட்டாலும் தொடர்ச்சி அறுபடாது.

படி 9: உதவி, காப்பி, போன்

நண்பனிடம் கேட்கலாம். கேட்டு முடித்தபின் அவன் நோட்டை மூடிவிட்டுத் தானாக எழுத வேண்டும். உதவிக்கும் காப்பிக்கும் நடுவில் இந்த ஒரு செயல்தான் வித்தியாசம், பிள்ளைகளுக்கு உடனே புரியும். போட்டோ எடுத்தால் படிகளோடு விடை சொல்லும் செயலிகள் இன்று எல்லா வீட்டுப் போனிலும் வந்துவிட்டன. தடை என்று எழுதுவதால் பயனில்லை. தானாகப் போட்டு முடித்தபின் விடையைச் சரிபார்க்கப் பயன்படுத்தலாம் என்று எழுதுங்கள். நோட்டில் பாடநூலில் இல்லாத குறியீடும் முறையும் வந்திருந்தால், அதே மாதிரி இன்னொரு கணக்கை இடைவேளையில் உங்கள் மேசைப் பக்கத்தில் உட்கார்ந்து போடச் சொல்லுங்கள். போட்டால் சரி, வராவிட்டால் சொல்லிக்கொடுங்கள். வகுப்பு முன்னால் நிறுத்திக் கேட்க வேண்டாம்.

டெஸ்டில் பிட் அடித்தால் அந்தப் பேப்பர் செல்லாது. மறுநாள் வேறு பேப்பர். பெற்றோரை அழைப்பது இரண்டாவது முறைக்குத்தான்.

அடிப்பது, மண்டியிடச் சொல்வது, "உனக்கெல்லாம் கணக்கு வராது" என்று சொல்வது எதற்கும் இடமில்லை. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. சட்டம் இருக்கட்டும், பயந்த பிள்ளை சந்தேகம் கேட்காது. சந்தேகம் கேட்காத பிள்ளையின் பிழை ஜூலையில் பிடிபடாது.

படி 10: பெற்றோரிடம் எப்படிச் சொல்வது

விதிமுறைத் தாளில் கையெழுத்து வாங்குவதோடு நிறுத்தாதீர்கள். வீட்டில் கணக்குச் சொல்லித்தர ஆள் இருக்க வேண்டியதில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். "ராத்திரி சாப்பிடறதுக்கு முன்னாடி, இன்னைக்கு என்ன கணக்குப் போட்ட, எங்க நின்ன, காட்டுன்னு மட்டும் கேளுங்கம்மா" என்றால் போதும். படிக்காத ஆயாவாலும் அதைக் கேட்க முடியும்.

காசிமேட்டில் விடியற்காலை ஏலத்துக்குப் போகிறவர்களைக் காலை பத்து மணி மீட்டிங்குக்குக் கூப்பிட்டால் வர முடியாது. மாலை ஐந்தரைக்கு மேல் ஒரு நேரமும் சேர்த்துக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் தகவல் அனுப்பும்போது குரல் பதிவாக அனுப்பினால் எல்லோருக்கும் போய்ச் சேரும். பிள்ளையின் மதிப்பெண்ணைக் குரூப்பில் போடவே கூடாது.

போன் செய்யும்போது குறையோடு தொடங்காமல் இப்படிச் சொல்லலாம்: "வணக்கம்மா, கணக்கு டீச்சர் பேசறேன். பையன் கிராஃப் நல்லா போடறான். காரணிப்படுத்தறதுல மட்டும் போன மூணு டெஸ்டா தடுமாறுறான். செவ்வாய், வியாழன் ஸ்கூல் விட்டு அரை மணி நேரம் இருக்கச் சொல்லியிருக்கேன், லேட்டா வந்தா தேடாதீங்க." என்ன பிரச்சினை, என்ன செய்கிறோம், வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றும் அதில் வந்துவிடுகின்றன.

படி 11: ஒரே பக்கத்தில் எழுதி, போட்டுப் பார்த்து, திருத்துங்கள்

எல்லாவற்றையும் பிள்ளைக்குக் கொடுக்கும் தாளில் எழுத வேண்டாம். பத்து வரிக்கு மேல் போனால் யாரும் படிக்கமாட்டார்கள். வகுப்புச் சுவரில் ஒட்டும் தாள் இப்படி இருக்கலாம்:

உள்ளே வந்ததும் போர்டு கணக்கைத் தொடங்கு.
ஒரு வரிக்கு ஒரே மாற்றம்.
வாக்கியக் கணக்கில் க எதன் அளவு என்று முதலில் எழுது.
அழிக்காதே, ஒரு கோடு போட்டு அடி.
சந்தேகமா? எண்ணைப் போட்டுப் பார், 0 மட்டும் போதாது.
ஹோம் ஒர்க் வரவில்லையா? நின்ற வரியைக் காட்டு.
நண்பனிடம் கேள், பிறகு அவன் நோட்டை மூடிவிட்டு எழுது.
டெஸ்டில் 12-க்குக் கீழா? பிழையைத் திருத்திக்கொண்டு மறு டெஸ்டுக்கு வா.
லீவா? மூன்று நாளுக்குள் போட்டுக் காட்டு.

முதல் நாளே எல்லாவற்றையும் படித்துக் காட்டி முடித்துவிடாதீர்கள். முதல் வாரம் தினம் இரண்டு விதி, ஒவ்வொன்றையும் ஒரு கணக்கோடு சேர்த்து. தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டும் உள்ள பள்ளியில் கலைச்சொற்களை இரு மொழியிலும் போர்டின் ஓரத்தில் எழுதி வையுங்கள். மாதவரம், மணலிப் பக்கம் வேலைக்கு வந்த வெளிமாநிலக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் அது உதவும். அவர்களுக்குக் கணக்கு தெரிந்திருக்கும், கேள்வியின் சொல்தான் தெரியாமல் இருக்கும்.

காலாண்டுத் தேர்வு பேப்பர்களைத் திருத்தும்போது கு, எ, வி, பெ, நி ஒவ்வொன்றும் எத்தனை முறை வந்தது என்று ஒரு தாளில் எண்ணி வையுங்கள். எ அதிகமாக இருந்தால் கேள்வியை எடுத்தெழுதியதும் ஒருமுறை விரல் வைத்துச் சரிபார்க்க வேண்டும் என்ற விதியைச் சேருங்கள். நி அதிகமாக இருந்தால் டெஸ்டின் நேரத்தைக் கவனியுங்கள். யாருமே மீறாத விதியைத் தாளிலிருந்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் புதியதை எழுதுங்கள். நடு ஆண்டில் வேறு பள்ளியிலிருந்து வந்து சேரும் பிள்ளைக்குத் தாளைக் கையில் கொடுத்துவிட்டு விட்டுவிடாமல், கு குறைவாக வாங்கும் ஒரு பிள்ளையின் பக்கத்தில் இரண்டு வாரம் உட்கார வையுங்கள்.